உங்களுக்குத் தெரியுமா? கொற்கை முத்தைக் காணாமல் அடித்த நிரல்

இன்று நிரல் எழுதுகிற யாரும் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. தேதிக் கணக்குக்கு ஒரு லைப்ரரி, பில் அச்சடிக்க ஒன்று, கடவுச்சொல் சரிபார்க்க ஒன்று என்று யாரோ எழுதி வைத்ததை எடுத்துக் கோத்துக்கொள்கிறோம். எடுப்பதில் தப்பே இல்லை. எடுத்ததை ஒரு தடவையாவது உரசிப் பார்த்தோமா என்பதுதான் இந்த வாரக் கேள்வி. கொற்கையிலிருந்து தொடங்குகிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

★ மாதிரிச் சிப்பி

பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடற்கரையில் இல்லை. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிவிட்டது. கடலைப் பார்க்க இப்போது சில கிலோமீட்டர் போகவேண்டும். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-ல் இங்கே தோண்டி எடுத்த கரிக்குக் கி.மு. 785 என்று கார்பன் கணக்கு சொன்னது. கிரேக்க மாலுமியின் பெரிப்ளூஸ் நூலில் இந்த ஊர் 'கொல்கோய்'. முத்துக் குளிப்பில் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்றும் அதில் ஒரு குறிப்பு உண்டு.

அந்த முத்து வணிகத்தின் பிற்காலத்தில், வெள்ளைக்காரர் ஆட்சியில், மன்னார் வளைகுடாவில் ஒரு வழக்கம் இருந்தது. கடலடியில் சிப்பி விளையும் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொளாயிரம் பார் அதில் பேர்போனது. குளிப்பு நடத்தலாமா என்று முடிவெடுக்கும் முன் பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பியை மாதிரிக்கு எடுப்பார்கள். அதை அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை மதிப்புப் போடத் தெரிந்தவர்களிடம் கொடுப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு தேறும் என்று தெரிந்த பிறகுதான் குளிப்பு அறிவிப்பு. சிப்பி திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும் என்பதால் வியாபாரிக்கு அந்த மாதிரிக் கணக்குதான் பிடிமானம்.

ஒரு லைப்ரரியை நிறுவ இன்று ஒரே ஒரு கட்டளை போதும். மாதிரி எடுத்துப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

★ பத்துச் சல்லடை

எடுத்த முத்தைத் தரம் பிரிக்க, தட்டு அளவில் பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதலாவதில் 20 துளை. பிறகு 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. எந்தச் சல்லடையில் தங்குகிறதோ அது முத்தின் பருமன். ஆனால் விலை அத்தோடு முடிவதில்லை. உருண்டை எப்படி, நீரோட்டம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து, ஆணி முதல் தூள் வரை வகை வைப்பார்கள். பருமனான முத்து சொத்தையாகவும் இருக்கலாம்.

லைப்ரரி தேடும்போது நாம் பார்க்கும் பதிவிறக்க எண்ணிக்கையும் நட்சத்திரமும் பருமன் மட்டுமே.

★ முத்து எங்கே போனது?

பைதான் மொழியில் எழுத்துகளைப் பகுத்தெடுக்க எங்கும் புழங்குகிற சைகிட்-லேர்ன் லைப்ரரியில் 'கவுன்ட் வெக்டரைசர்' என்றொரு கருவி உண்டு. ஒரு பத்தியைக் கொடுத்தால் அதிலுள்ள சொற்களைப் பிரித்து எண்ணித் தரும். எந்த மாற்றமும் செய்யாமல், வந்தபடியே வைத்துக்கொண்டு அதற்குக் 'கொற்கை முத்து' என்று கொடுத்துப் பாருங்கள். ஒரு சொல்லும் இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும்.

கோளாறு இங்கே இருக்கிறது. சொல் என்றால் குறைந்தது இரண்டு எழுத்து அடுத்தடுத்து வரவேண்டும் என்பது அதன் விதி. எது எழுத்து என்று பைதானின் வழக்கமான தேடல் கருவி முடிவு செய்கிறது. அதன் கணக்கில் க, ற போன்றவைதான் எழுத்து. கால், கொம்பு, சுழி, புள்ளி எதுவும் எழுத்தில்லை, இடைவெளி மாதிரிதான். ஆகவே 'கொற்கை' என்பது அதன் கண்ணில் தனித்தனியாக நிற்கும் க, ற, க. இரண்டு சேர்ந்து வரவில்லையா, தள்ளு. 'முத்து' அதே கதி. 'சிப்பி'யும் போயிற்று. 'கப்பல்' இரண்டாக உடைந்து 'கப', 'பல' என்று வரும். 'சங்கு' வெறும் 'சங'. 'துறைமுகம்' என்ற சொல்லில் மிஞ்சுவது 'கம'. 'தாமிரபரணி' கொடுத்தால் 'ரபரண' கிடைக்கும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எங்கள் ஆற்றுக்கு இப்படியொரு அவமானம் வேண்டாம்.

இதில் பயப்படவேண்டியது வேறு. 'கொற்கை முத்து' மட்டும் கொடுத்தால்தான் பிழைச் செய்தி வரும். பத்துப் பக்கக் கட்டுரையைக் கொடுத்தால் எதுவும் வராது. உடைந்த துண்டுகளை எண்ணி, அழகாக அட்டவணை போட்டு, சரியான விடை மாதிரியே நீட்டும். ஆங்கிலத்தில் கோடிப் பேர் சோதித்த லைப்ரரிதான். ஆனால் அவர்கள் சலித்தது அவர்கள் முத்தை. சொல்லை வரையறுக்கும் அந்த ஒரு விதியை மாற்றி எழுதினால் கருவி ஒழுங்காக வேலை செய்யும். மாற்றவேண்டும் என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.

★ மூன்றா, ஆறா, பதினெட்டா?

'கொற்கை'யில் எத்தனை எழுத்து? கொ, ற், கை. மூன்று என்பார் தமிழாசிரியர். யூனிகோடு கணக்கில் 6. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 18 பைட். மூன்று விடையும் சரிதான். 'பெயர் 20 எழுத்துக்குள் இருக்கவேண்டும்' என்று படிவம் போடும் லைப்ரரி இவற்றில் எதை எண்ணுகிறது என்று யாராவது பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. நம்மூர்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டு, கடைசி எழுத்து கொம்பு இழந்து நிற்பதைப் பல அட்டைகளில் பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு விஷயம். 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கு முதலாவது 6, இரண்டாவது 7. இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். ஆப்பிளின் பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயரைப் பிரித்துத்தான் சேமித்தன. அங்கிருந்து வந்த 'கொற்கை' கோப்பை இங்கே தட்டச்சு செய்து தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான். இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர யூனிகோடிலேயே வழி இருக்கிறது. நீங்கள் எடுத்த லைப்ரரி அதைச் செய்கிறதா என்று தெரிந்துகொள்ள இரண்டு வரிச் சோதனை போதும்.

★ 23 நிமிடம்

இந்திய நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னே. பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பைதானில் பல்லாண்டு கோலோச்சிய 'பைட்ஸ்' என்ற நேர மண்டல லைப்ரரியில், 'ஆசியா/கொல்கத்தா' என்று எடுத்து நேரடியாகத் தேதியில் பொருத்தினால் 5 மணி 53 நிமிடம் என்று வரும். 23 நிமிடம் கூடுதல். நெல்லை எக்ஸ்பிரஸைத் தவறவிட இது தாராளம்.

இது எங்கிருந்து வந்தது? 1906 ஜனவரி 1-ல் இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன் கல்கத்தாவுக்கென்று தனி நேரம் இருந்தது. சூரியக் கணக்கில் 5 மணி 53 நிமிடம் 28 நொடி. நேர மண்டலப் பட்டியலில் அதுதான் முதல் வரி. லைப்ரரி அந்த முதல் வரியை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. சரியான முறை வேறு என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்? 2020-ல் பைதான் 3.9 பதிப்போடு வந்த சொந்த நேர மண்டலக் கருவியில் இந்த வில்லங்கம் இல்லை.

★ ஐம்பது பைசா

இரண்டரை ரூபாயை முழு ரூபாயாக்கினால் எவ்வளவு? மூன்று என்கிறது ஜாவாஸ்கிரிப்ட். எக்செல்லும் மூன்றே என்கிறது. பைதான் 2 என்கிறது. அது பிழையல்ல, சரிபாதியில் நின்றால் அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குப் போவது என்ற முறையைப் பைதான் வைத்திருக்கிறது, புள்ளியியலுக்கு அது நல்லது. ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு வேறு சொல்கிறது: 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாகக் கூட்டு, குறைந்தால் விட்டுவிடு. பில் போடும் லைப்ரரி எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று கடைக்காரருக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. அதை நிறுவிக் கொடுத்தவருக்குத் தெரியவேண்டும்.

★ நம் மாநிலத்துக் கதை

தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்துவது ஸோஹோ நிறுவனம் (அப்போது தென்காசி நெல்லை மாவட்டத்தில் இருந்தது, தனி மாவட்டமானது 2019-ல்). அதன் ஒரு பிரிவு மேனேஜ்எஞ்சின், நிறுவனங்களின் கணினிகளை நிர்வகிக்கும் மென்பொருள்களைத் தருகிறது. 2023 ஜனவரியில் அதன் இருபதுக்கும் மேற்பட்ட மென்பொருள்களை ஒரே ஓட்டை பாதித்திருந்தது வெளியே வந்தது. 10-க்கு 9.8 என்று கடுமை மதிப்பிடப்பட்ட ஓட்டை. கண்டுபிடித்தவர் வியட்நாமின் வியட்டெல் நிறுவன ஆய்வாளர்.

ஓட்டை இருந்த இடம் நிறுவனம் தானாக எழுதிய பகுதியில் இல்லை. அப்பாச்சி சான்டுவாரியோ என்ற வெளி லைப்ரரியின் பழைய 1.4.1 பதிப்பு உள்ளே இருந்தது. கையெழுத்திட்ட மின்னாவணத்தைச் சரிபார்ப்பது அதன் வேலை. அந்தப் பழைய பதிப்பு எப்படி நடந்துகொண்டது என்றால், கடிதத்தின் முத்திரை செல்லுமா என்று பார்க்கும் முன்பே கடிதத்துக்குள் சொன்ன வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். அந்த வேலையைக் கட்டுப்படுத்துவது லைப்ரரியை எடுத்தாள்பவரின் பொறுப்பு என்று விட்டிருந்தார்கள். எடுத்தாண்டவர்கள் அந்தக் கட்டுப்பாட்டைப் போடவில்லை.

நிறுவனம் ஒளிக்கவில்லை. காலாவதியான வெளி லைப்ரரிதான் காரணம் என்று தன் அறிவிப்பிலேயே எழுதியது. திருத்தப் பதிப்புகளும் 2022 அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பருக்குள் வந்துவிட்டன. நிறுவாமல் விட்டவர்கள் மாட்டினார்கள்: அமெரிக்காவில் ஒரு விமானத் துறை நிறுவனத்துக்குள் இந்த வழியாக ஆட்கள் நுழைந்ததை அந்நாட்டு சைபர் பாதுகாப்பு அமைப்பு 2023 செப்டம்பரில் அறிவித்தது. என் கருத்து: ஸோஹோ செய்த தவறை உலகில் செய்யாத நிறுவனம் இல்லை. ஆனால் ஒரே பழைய லைப்ரரி இத்தனை மென்பொருள்களுக்குள் இருந்தது என்பதுதான் பாடம். ஒரு தடவை சோதிக்காமல் விட்டதற்கு இத்தனை தடவை வட்டி.

★ மகேந்திரகிரியின் இரவல் எஞ்சின்

காவல்கிணறு, பணகுடிப் பக்கம் போகிறவர்களுக்கு அந்த மலை தெரியும். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தைத் தள்ளுகிற விகாஸ் எஞ்சின் அடிப்படையில் இரவல்தான் என்பது தெரியுமா? பிரெஞ்சுக்காரர்களின் வைகிங் எஞ்சின் அதன் மூலம். 1974-ல் போட்ட ஒப்பந்தப்படி தொழில்நுட்பத்துக்கு ஈடாக இஸ்ரோ தன் பொறியாளர்களின் உழைப்பைக் கொடுத்தது. நம் நாட்டில் செய்த எஞ்சினை 1985-ல் பிரான்சின் வெர்னோனில் எரித்துச் சோதித்தார்கள். அத்தோடு நிற்கவில்லை. மகேந்திரகிரியில் நமக்கென்று மேடை கட்டி, மேலும் மேலும் எரித்துப் பார்த்தார்கள். இன்றும் அப்படித்தான். ககன்யானுக்கான கிரையோஜெனிக் எஞ்சினை 2022 ஜனவரி 12-ல் அங்கே தொடர்ந்து 720 நொடி எரித்தார்கள்.

இதற்கு ஒரு குறும்பான மறுபக்கமும் உண்டு. 1993 செப்டம்பர் 20-ல் முதல் பிஎஸ்எல்வி விழுந்தது. விழ வைத்தது இரவல் எஞ்சின் அல்ல. ராக்கெட்டின் போக்கைத் திருத்தும் நம் சொந்த மென்பொருளில், ஓர் எண் தன் கொள்ளளவைத் தாண்டி வழிந்துவிட்டது. ஆகவே 'சொந்தமாக எழுதினால் பத்திரம்' என்பவர்களுக்கும் இதில் சேதி உண்டு. அடுத்த பிஎஸ்எல்வி 1994 அக்டோபர் 15-ல் வெற்றி.

★ 37 நொடி

அதே வைகிங் எஞ்சினில் பறந்த ஏரியன்-4 ராக்கெட்டின் வழிகாட்டி மென்பொருளை ஐரோப்பியர்கள் அப்படியே எடுத்துப் புதிய ஏரியன்-5-ல் வைத்தார்கள். பல தடவை பறந்து நிரூபித்த மென்பொருள், எதற்கு மறுபடி சோதிக்கவேண்டும்? 1996 ஜூன் 4-ல் கிளம்பிய 37 நொடியில் ராக்கெட் நிலைகுலைந்தது. புது ராக்கெட் பழையதைவிட வேகமாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணிக்கப் பார்த்து மென்பொருள் கைவிட்டது. நான்கு செயற்கைக்கோள்களும் சேர்ந்து போயின. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் குறிப்பிட்ட கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு ஏரியன்-5-க்குத் தேவையே இல்லை. பழையதில் இருந்தது என்பதால் ஓடிக்கொண்டிருந்தது.

★ பதினொரு வரி

எழுத்துக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்பித் தரும் 'லெஃப்ட்-பேட்' என்ற லைப்ரரியில் மொத்தம் 11 வரி. ஒரு பெயர்த் தகராறில் கோபப்பட்டு அதன் ஆசிரியர் 2016 மார்ச் 22-ல் அதை நீக்கினார். உலகமெங்கும் ஆயிரக்கணக்கான திட்டங்கள் கட்டமுடியாமல் நின்றன. அதைப் பயன்படுத்துகிறோம் என்றே பலருக்குத் தெரியாது. அவர்கள் எடுத்த லைப்ரரி எடுத்த லைப்ரரி அதை எடுத்திருந்தது. சொந்தக்காரரின் சொந்தக்காரர் வழியாக வந்த கடன்.

(அதனிடம் 'கொற்கை'யை எட்டு இடத்துக்கு நிரப்பச் சொன்னால் இரண்டு இடைவெளிதான் போடும். ஏன் என்று மேலே பார்த்துவிட்டோம்.)

★ அரை நொடிச் சந்தேகம்

2024 மார்ச் கடைசியில் ஆந்திரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகிறதே என்று பட்டது. வேறொருவராக இருந்தால் டீ குடிக்கப் போயிருப்பார். இவர் தோண்டினார். லினக்ஸ் கணினிகளில் கோப்பைச் சுருக்கப் பயன்படும் 'எக்ஸ்இசட்' லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக் கதவு வைத்திருந்தார்கள். மார்ச் 29-ல் உலகுக்குச் சொன்னார்.

வைத்தவர் 'ஜியா டான்' என்ற பெயரில் வந்தவர். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காக உதவி செய்து, தனியாளாகக் களைத்திருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பையும் வாங்கிக்கொண்டவர். கள்ளக் கதவை எங்கே ஒளித்தார் தெரியுமா? சோதனைக் கோப்புகளுக்குள். லைப்ரரி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வைத்திருந்த கோப்புகளில் இரண்டு. அதைத் திறக்கும் சாவி பொதுவில் எல்லாரும் பார்க்கும் மூல நிரலில் இல்லை. பொட்டலம் கட்டி வெளியிட்ட பதிப்பில் மட்டும் இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் பார்த்த சரக்கும் கட்டிக் கொடுத்த சரக்கும் வேறு.

★ சுருக்கமாகச் சில

2014 ஏப்ரலில் வெளிவந்த 'ஹார்ட்பிளீட்' ஓட்டை, இணையத்தின் பூட்டான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் இரண்டு ஆண்டு கண்ணில் படாமல் இருந்தது. உலகமே நம்பியிருந்த அந்த லைப்ரரிக்கு அப்போது முழுநேர ஆள் ஒருவர்தான்.

லாக்4ஜே என்பது நடந்ததைக் குறித்து வைக்கும் குமாஸ்தா வேலை பார்க்கும் லைப்ரரி. குறித்து வைக்கச் சொன்ன வரியில் கட்டளை இருந்தால் அதையும் நிறைவேற்றிவிடும் ஒரு வசதி 2013-ல் அதில் சேர்ந்தது. 2021 டிசம்பரில் மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டியே எதிராளியின் கணினியைப் பிடிக்கமுடிந்தது.

ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனம் 2017-ல் ஏறத்தாழ 14.7 கோடி அமெரிக்கர்களின் விவரத்தைப் பறிகொடுத்தது. காரணமான அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற வெளி லைப்ரரியின் ஓட்டைக்குத் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. திருடர்கள் நுழைந்தது மே மாதம்.

'கிராஸ்-என்வ்' என்ற லைப்ரரிக்குப் பக்கத்திலேயே, நடுக்கோடு இல்லாத 'கிராஸ்என்வ்' என்ற போலி 2017-ல் உட்கார்ந்திருந்தது. கோடு போட மறந்தவர்களின் ரகசியங்களைத் திருடியது. நெல்லையப்பர் கோயில் வாசலில் அல்வா வாங்கிப் பழகியவர்களுக்கு ஒத்த பெயர்ப் பலகையைப் பற்றி நான் விளக்கவேண்டியதில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத லைப்ரரிக்கே பெயர் வைத்துப் பரிந்துரைக்கின்றன. அந்தப் பெயரை முந்திப் பதிந்து விஷம் வைக்கலாம் என்பதால் 'ஸ்லாப்ஸ்குவாட்டிங்' என்று ஒரு சொல்லே பிறந்துவிட்டது.

2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்கு எழுத்துக் கூட்டு வந்து விழுந்தால் ஐபோனின் செயலிகள் அப்படியே செத்தன. வாட்ஸ்அப்பும் தப்பவில்லை. எல்லாச் செயலியும் எழுத்து வரைய ஆப்பிளின் ஒரே கருவியை நம்பியிருந்தன. 11.2.6 பதிப்பில் சரிசெய்தார்கள்.

★ ஒன்றுக்கு 590

சோதிக்கப்பட்ட லைப்ரரி எப்படி இருக்கும்? உங்கள் சட்டைப்பையில் ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டோ ஐபோனோ, எல்லாவற்றிலும் தகவலைச் சேமிக்கும் எஸ்க்யூலைட். அதன் நிரல் ஒரு வரி என்றால் அதைச் சோதிக்கும் நிரல் 590 வரி. நிரலில் வழி பிரிகிற ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பக்கமும் போய்ப் பார்க்கிறார்கள். நினைவகம் தீர்ந்தால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என்றும் வேண்டுமென்றே சூழலைக் கெடுத்து ஓட்டுகிறார்கள். இலவசம் என்பதால் மட்டமில்லை. பிரபலம் என்பதால் தரமும் இல்லை. சோதனைக் கோப்பகத்தைத் திறந்து பார்ப்பது அரை நிமிட வேலை.

★ வண்ணக்கன்

சங்கப் புலவர் பட்டியலில் வடமவண்ணக்கன் தாமோதரனார் போன்ற பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். வண்ணக்கன் என்றால் நாணயத்தையும் பொன்னையும் சோதிப்பவர். கொற்கைக்குப் பக்கத்திலேயே அக்கசாலை என்ற ஊர் இருக்கிறது. நாணயம் அடிக்கும் கூடம் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். அடிப்பவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர். நாம் அன்றாடம் சொல்லும் 'நோட்டம் பார்ப்பது' கூட நாணயம் பார்க்கும் தொழிலில் புழங்கிய சொல்தான்.

நிரல் உலகில் வண்ணக்கன் வேலைக்குக் 'கற்றல் சோதனை' என்று பெயர். கென்ட் பெக் தன் புத்தகத்தில் எழுதி வைத்தது. வெளி லைப்ரரியை உங்கள் நிரலில் சேர்க்கும் முன், தனியே ஒரு கோப்பில் நாலைந்து சிறிய சோதனை எழுதுங்கள். லைப்ரரி என்ன செய்யும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை. காலிப் பெயர் கொடுத்தால்? எதிர்மறைத் தொகை கொடுத்தால்? நெட் பாதியில் அறுந்தால்? இரண்டரை ரூபாய்? ஐந்தரை மணி? கொற்கை? நீங்கள் நினைத்ததும் அது செய்ததும் வேறாக இருக்கும் இடத்தில்தான் பிற்காலத்து நடுராத்திரி அழைப்பு ஒளிந்திருக்கிறது.

முக்கியமான இடம் அடுத்தது. சோதித்து முடித்ததும் அந்தக் கோப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எந்தப் பதிப்பைச் சோதித்தீர்களோ அந்த எண்ணைப் பூட்டுக் கோப்பில் பூட்டுங்கள். புதுப் பதிப்பு வரும்போது முதலில் அந்தப் பழைய சோதனையை ஓட்டுங்கள், பிறகு மாற்றுங்கள். போன வருஷம் நல்ல முத்துக் கொடுத்த பார் இந்த வருஷமும் கொடுக்கும் என்று யாரும் மாதிரி எடுக்காமல் ஏலம் எடுத்ததில்லை. மாறாகப் பூட்டிவிட்டுப் பதினைந்து வருஷம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் சான்டுவாரியோ கதைதான்.

★ பொட்டலத்தின் பின்புறம்

பிஸ்கட் பொட்டலத்தின் பின்னால் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சடிக்கிறார்கள் அல்லவா? மென்பொருளுக்கும் அப்படி ஒரு சேர்மானப் பட்டியல் வேண்டும் என்று இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2024 அக்டோபரில் வழிகாட்டி வெளியிட்டது. எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, யார் கொடுத்தது என்ற பட்டியல். அரசுக்கோ வங்கிக்கோ மென்பொருள் செய்து கொடுக்கிறவர்கள் இப்போதே எழுதப் பழகிக்கொள்வது நல்லது. பட்டியல் இருந்தால் சோதித்ததாக ஆகிவிடாது. ஆனால் பட்டியலே இல்லாதவர் எதைச் சோதிப்பார்?

★ உங்கள் ஊர்

இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் பயன்படுத்தும் ஏதாவது ஒரு லைப்ரரிக்கு உங்கள் ஊர்ப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் சொன்ன சொல்லெண்ணும் கருவியில் நான் எங்கள் வட்டாரத்தையே போட்டுப் பார்த்துவிட்டேன். திருநெல்வேலி இல்லை, தூத்துக்குடி இல்லை, பாளையங்கோட்டை 'யங' என்று மிஞ்சுகிறது. கொற்கைக்குப் பக்கத்து ஏரல் மட்டும் ஓரளவு தப்பியிருக்கிறது. புள்ளி போய், 'ஏரல'.